டப்ளினில் இருப்பது வாலண்டைனின் எலும்புதானா? போய்ப் பார்க்கலாமா?

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிக்கொள்கிறேன். பிப்ரவரியில் மனைவியோடு மூன்று நாள் டப்ளின் வருகிறீர்கள். அங்கே ஒரு பழைய கத்தோலிக்கக் கோயிலில், காதலர் தினத்துக்குப் பெயர் கொடுத்த புனித வாலண்டைனின் எலும்புகள் இருப்பதாகப் படித்திருக்கிறீர்கள். அது உண்மையா, சுற்றுலாக்காரர்களுக்காகக் கட்டிவிட்ட கதையா, கிறிஸ்தவர் அல்லாதவர் உள்ளே போகலாமா, அதற்காக அரை நாள் ஒதுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி இரண்டுக்கும் உடனே பதில் சொல்லிவிடலாம். தாராளமாகப் போகலாம், கட்டணம் கிடையாது. அரை நாள் வேண்டாம், நிதானமாகப் பார்த்தால் ஒரு மணி நேரம் போதும். முதல் கேள்விதான் இழுக்கும். நீங்கள் கேட்பது எலும்பைப் பற்றி மட்டும் இல்லை என்றும் தோன்றுகிறது. 'ஏமாந்து நிற்கப் போகிறேனா?' என்பதுதான் உள்ளே இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் திருச்சபை வரலாறு படித்தவன். அப்புறம் பிழைப்பு வேறு பக்கம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. டப்ளினில் பதினோரு வருடமாக இருக்கிறேன். ஊரிலிருந்து வருபவர்களை இந்தக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவது கிட்டத்தட்ட என் இரண்டாவது உத்தியோகம். எலும்பைப் பார்த்து வயது சொல்லும் நிபுணன் அல்ல. பழைய காகிதம் என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை என்று வாசிக்கத் தெரியும், அவ்வளவுதான். நல்ல வேளையாக இந்த விஷயத்தில் காகிதம் இருக்கிறது.

கோயிலின் பெயர் வைட்ஃப்ரையர் தெரு கார்மேல் கோயில். கார்மேல் சபைத் துறவிகள் பழுப்பு அங்கிக்கு மேல் வெள்ளைப் போர்வை அணிந்ததால் ஆங்கிலம் பேசும் ஊர்களில் அவர்களுக்கு 'வெள்ளைச் சகோதரர்கள்' என்று பெயர். தெருப் பெயர் அங்கிருந்து வந்தது. 13ஆம் நூற்றாண்டிலேயே இந்த இடத்தில் அவர்களுக்கு மடம் இருந்தது. எட்டாம் ஹென்றி 1539ல் மடங்களை மூடியபோது அதுவும் போயிற்று. பிறகு ஏறக்குறைய முந்நூறு வருடம் கழித்து, ஜார்ஜ் பேப்வொர்த் என்ற கட்டடக் கலைஞர் வரைந்துகொடுத்த இப்போதைய கோயில் 1827 நவம்பரில் அர்ச்சிக்கப்பட்டது. விட்ட இடத்துக்கே திரும்பி வந்து சேர்ந்தார்கள் என்று சொல்லலாம்.

எலும்புக் கதைக்கு வருவோம். அந்த மடத்தில் ஜான் ஸ்ப்ராட் என்று ஒரு குரு இருந்தார். 1796ல் டப்ளினில் பிறந்தவர், ஸ்பெயினின் கோர்டோபாவில் படித்தவர், ஏழைகளுக்காக ஓடியவர், மதுவிலக்குப் பிரசாரகர். 1835ல் அவர் ரோமுக்குப் போனார். இயேசு சபையின் தாய்க் கோயிலான ஜேசுவில் அவர் ஆற்றிய மறையுரைகள் ரோமில் பேசப்பட்டன. திருத்தந்தை பதினாறாம் கிரகோரி அவரைக் கௌரவிக்க ஒரு பரிசு கொடுத்தார். அந்தப் பரிசுதான் எலும்புகள் வைத்த இந்தப் பெட்டி. அது 1836 நவம்பர் 10ஆம் தேதி டப்ளின் வந்து சேர்ந்தது. ஊர்வலமாகக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள், பேராயர் மர்ரே வரவேற்றார்.

பெட்டியோடு ஒரு சான்றிதழ்க் கடிதமும் வந்தது. கர்தினால் கார்லோ ஒடெஸ்கால்கி கையெழுத்திட்டது, தேதி 1836 ஜனவரி 29. நான் படித்த அருளிக்கச் சான்றிதழ்களில் மிகவும் கறாரான மொழியில் எழுதியவற்றுள் இது ஒன்று (அருளிக்கம் என்றால் புனிதர்களின் எலும்பு, உடை போன்றவை, நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் புழங்கும் சொல்). மறைசாட்சி (மதத்துக்காக உயிரைக் கொடுத்தவர்) வாலண்டைனின் உடலும், அவர் இரத்தம் படிந்த சிறு கலயமும் திபுர்த்தினா சாலையிலுள்ள இப்போலித்து கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டன. வண்ணத்தாள் ஒட்டிய மரப்பெட்டியில் வைத்து, நன்றாக மூடி, சிவப்புப் பட்டு நாடாவால் கட்டி, முத்திரை இட்டு இவரிடம் ஒப்படைக்கிறோம் என்கிறது. வைத்துக்கொள்ளலாம், பிறருக்குக் கொடுக்கலாம், மக்கள் வணக்கத்துக்கு வைக்கலாம் என்று அனுமதிக்கிறது. ஆனால் அந்த உடலின் பேரில் தனித் திருப்பலியும் தனிச் செபமும் கூடாது என்றும் ஒரு நிபந்தனை போடுகிறது. அந்த நிபந்தனையைக் கவனியுங்கள். கொடுக்கிற கையே கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் கொடுத்திருக்கிறது.

ஆகவே பெட்டி எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், யார் வாங்கினார், எந்த நாள் வந்தது என்பதில் சந்தேகமே இல்லை. சுற்றுலாவுக்காக யாரும் நேற்று கண்டுபிடித்த சரக்கு அல்ல. காதலர் தின வாழ்த்து அட்டை வியாபாரம் இன்றைக்கு இருக்கிற அளவுக்கு வளராத காலத்திலேயே அது டப்ளினில் இருக்கிறது. ஸ்ப்ராட் 1871ல் இறந்த பிறகு ஆர்வம் குறைந்து, பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் அது மக்கள் கண்ணில் படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கோயிலைப் புதுப்பித்தபோதுதான் அதற்கென்று ஒரு சிறு பீடம் அமைத்தார்கள். ஏமாற்றுக்காரர்கள் வசூல் தரும் பொருளை அத்தனை வருடம் பரணில் போட்டு வைக்க மாட்டார்கள்.

பெட்டிக்குள் இருப்பவர் யார் என்பதுதான் அடுத்த படி. இங்கே தரை வழுக்கும். பழைய ரோமை ஒட்டிய பதிவுகளில் பிப்ரவரி 14க்கு இரண்டு வாலண்டைன்கள் வருகிறார்கள். ஒருவர் ரோமில் குருவாக இருந்தவர், இன்னொருவர் தெர்னி நகரின் ஆயர். இருவரும் ஒருவரே, கதைதான் இரண்டாகக் கிளைத்தது என்று நினைக்கும் அறிஞர்களும் உண்டு. இருவரையும் அடக்கம் செய்ததாகச் சொல்லும் இடம் ஃப்ளாமினியா சாலை. அது ரோமிலிருந்து வடக்கே போகிறது. அங்கே நான்காம் நூற்றாண்டிலேயே திருத்தந்தை ஜூலியஸ் ஒரு கோயில் கட்டினார். ஒடெஸ்கால்கியின் கடிதம் சொல்வதோ திபுர்த்தினா சாலை. அது கிழக்கே போகிறது. செங்குன்றம் ரோட்டில் புதைத்தவரைப் பூந்தமல்லி ரோட்டில் தோண்டி எடுத்தோம் என்று சொன்னால் நீங்கள் என்ன கேட்பீர்களோ, அதையேதான் நானும் கேட்கிறேன். எலும்புகள் நூற்றாண்டுகளில் இடம் மாறியிருக்கலாம் என்று பதில் சொல்லலாம். ரோமில் அப்படி எத்தனையோ முறை நடந்திருக்கிறது. ஆனால் அது 'இருக்கலாம்'தான்.

இன்னொன்றும் இருக்கிறது. 1578ல் ரோமின் நிலத்தடிக் கல்லறைகள் மறுபடி வெளிச்சத்துக்கு வந்ததிலிருந்து, அங்கே கிடைத்த எலும்புகளை மறைசாட்சிகளின் உடல்கள் என்று ஐரோப்பா முழுவதும் அனுப்பினார்கள். கல்லறைக்குப் பக்கத்தில் கண்ணாடிக் குப்பி ஒன்று பதிந்திருந்து, உள்ளே செம்பழுப்பாக ஏதாவது படிந்திருந்தால், அது இரத்தம், படுத்திருப்பவர் மறைசாட்சி என்று முடிவு கட்டிவிடுவார்கள். அப்படிப்பட்ட குப்பிகளில் வாசனைத் தைலம் இருந்திருக்கலாம் என்று பிற்கால ஆய்வாளர்கள் காட்டினார்கள். கல்லில் பெயர் இருந்தால் அந்தப் பெயர், இல்லாவிட்டால் புதிதாக ஒரு பெயர். மைசூரில் பெரிய கோயில் இருக்கிறதே, புனித பிலோமினா, அவருடைய கதையும் 1802ல் இதே மாதிரி ஒரு ரோமக் கல்லறை திறந்ததில்தான் தொடங்குகிறது. வாலண்டைன் என்ற பெயரோ அந்தக் காலத்தில் சர்வ சாதாரணம். வலிமை என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வருவது. நம் ஊரில் எத்தனை முருகேசன்கள் உண்டோ, ரோமில் அத்தனை வாலண்டைன்கள் இருந்திருப்பார்கள்.

இதே புனிதரின் மண்டையோடு என்று ஒன்று ரோமின் சாந்தா மரியா இன் கோஸ்மெதின் கோயிலில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. தெர்னியில் அவர் பெயரிலேயே பெருங்கோயிலும் உடலும் உண்டு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலும் ஒரு பெட்டி இருக்கிறது. டப்ளின் கார்மேல் சபையினர் இதையெல்லாம் மறைப்பதில்லை. தங்கள் பெட்டியில் அவருடைய எலும்புகளில் ஒரு பகுதி இருக்கிறது, முழு உடலும் இருப்பதாகச் சொல்லவில்லை என்பதே அவர்கள் நிலை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். என் கணக்கைக் கேட்டால் இவ்வளவுதான்: பழைய ரோமக் கிறிஸ்தவர் ஒருவரின் எலும்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. அவர் பெயர் வாலண்டைனாகவே இருந்திருக்கலாம். பிப்ரவரி 14க்கு உரிய வாலண்டைன் அவர்தான் என்று அடித்துச் சொல்ல இந்தக் காகிதம் போதாது. 1969ல் கத்தோலிக்கத் திருச்சபை தன் பொது நாட்காட்டியைத் திருத்தியபோது வாலண்டைனின் விழாவை அதிலிருந்து எடுத்தது. காரணம், அவர் மறைசாட்சி என்பதையும் ஃப்ளாமினியா சாலையில் அடக்கம் செய்யப்பட்டார் என்பதையும் தாண்டி நம்பத் தகுந்த தகவல் இல்லை என்பதுதான். புனிதர் பட்டியலிலிருந்து அவரை நீக்கிவிட்டார்கள் என்று பலர் எழுதுகிறார்கள், அது தவறு.

அப்படியானால் காதல் எங்கிருந்து வந்தது? படைவீரர்களுக்கு இரகசியமாகத் திருமணம் செய்துவைத்தார், சிறை அதிகாரியின் மகளுக்குக் கடிதம் எழுதினார் என்பவை எல்லாம் பழைய பதிவுகளில் கிடையாது, வெகு காலம் பின்னால் ஒட்டியவை. பிப்ரவரி நடுவில் பறவைகள் இணை சேரும் என்ற நம்பிக்கையோடு இந்த நாளை முடிச்சுப் போட்டது 14ஆம் நூற்றாண்டின் ஆங்கிலக் கவிதை. பறவை முதலில், மனிதன் அப்புறம், சாக்லேட் கடைசியில்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இப்போது போய்ப் பாருங்கள் என்கிறேன். முரண்பாடாகப் படலாம். ஆனால் அந்தப் பீடத்தின் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தால் நான் சொல்வது புரியும். பக்கவாட்டில் ஒரு சிறு பீடம். சிவப்பு அங்கியில் வாலண்டைன் சிலை, கையில் குரோக்கஸ் பூ. ஐரின் புரோ என்ற ஐரிஷ் சிற்பி செய்தது. கலையாக அதைப் பெரிதாகப் புகழ மாட்டேன். பீடத்துக்கு அடியில், கம்பியும் கண்ணாடியுமான கதவுக்குப் பின்னால் பெட்டி. நீங்கள் பார்ப்பது வெளிப்பெட்டி. நாடா கட்டி முத்திரையிட்ட பெட்டி அதற்குள் இருக்கிறது. எலும்பு கண்ணுக்குத் தெரியாது. எலும்புக்கூட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள், என் மைத்துனர் அப்படிப் போய் முகம் வாடித் திரும்பினார்.

பெட்டியைவிடப் பக்கத்தில் இருக்கும் நோட்டுப்புத்தகத்தைத்தான் நான் எல்லாருக்கும் காட்டுவேன். மன்றாட்டு எழுதுவதற்காகத் திறந்தே கிடக்கும். பள்ளிக்கூடத்து நோட்டு மாதிரி சாதாரணமானது. ஆங்கிலம், போலிஷ், ஸ்பானிஷ், போர்த்துகீசியம் என்று கலந்து கிடக்கும், ஒருமுறை மலையாளமும் பார்த்தேன். துணை கிடைக்க வேண்டும் என்று எழுதுபவர்கள் உண்டு, பிரிந்து போனவர் திரும்பி வர வேண்டும் என்பவர்களும் உண்டு. முப்பத்தைந்து வயது மகனுக்கு யாராவது அமைய வேண்டும் என்று அம்மாக்கள் எழுதுகிறார்கள், அதைப் படித்தபோது ஏதோ நம் ஊர்க் கல்யாணத் தரகர் நோட்டு மாதிரியே இருந்தது. இறந்துபோன கணவருக்கு நன்றி சொல்லி எழுதியதும் பார்த்திருக்கிறேன். ஒரு மதியம், மஞ்சள் நிறப் பாதுகாப்பு மேல்சட்டையும் சேறு படிந்த பூட்ஸுமாக ஓர் ஆள் வந்து, ஹெல்மெட்டைத் தரையில் வைத்துவிட்டு, நின்றபடியே ஒரு வரி எழுதினார். எழுதியதைப் படித்துப் பார்த்தார். பேனாவை மூடினார். போய்விட்டார். அவர் போன பிறகு அந்தப் பக்கத்தைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. நீங்களும் மேலோட்டமாகப் புரட்டலாம், போட்டோ மட்டும் எடுக்காதீர்கள். பிறத்தியாரின் பொருத்தனை அது.

வாலண்டைனைப் பார்த்த கையோடு வெளியே வந்துவிடுபவர்கள்தான் அதிகம். அவர்கள் தவறவிடுவது இந்தக் கோயிலின் உண்மையான பொக்கிஷத்தை. டப்ளின் மாதா என்று அழைக்கப்படும் ஓக் மரச் சிலை, குழந்தை இயேசுவைக் கையில் ஏந்திய மரியாள், கிட்டத்தட்ட ஆள் உயரம், கருத்த மரம். 15ஆம் நூற்றாண்டின் கடைசி அல்லது 16ஆம் நூற்றாண்டின் தொடக்கம் என்பது பொதுவான கணிப்பு. அந்தக் காலத்துக் கோயில் சிலைகள் டப்ளினில் ஏறக்குறைய ஒன்றுகூட மிஞ்சவில்லை. மடங்களை மூடியபோதும் அதற்குப் பின்னும் உடைத்தார்கள், எரித்தார்கள். இது தப்பியது. எப்படித் தப்பியது என்பதற்கு ஊரில் சொல்லும் கதை: ஒரு சத்திரத்து முற்றத்தில் முகம் தரையைப் பார்க்கக் கவிழ்த்துப் போட்டு, குடைந்திருந்த முதுகுப் பக்கத்தைப் பன்றிகளுக்குத் தீவனத் தொட்டியாக வைத்திருந்தார்களாம். அதற்குச் சான்று எதுவும் இல்லை. ஆனால் இந்த வகை மரச்சிலைகளின் முதுகைக் குடைவது வழக்கம்தான், மரம் வெடிக்காமல் இருக்கவும் எடை குறையவும் அப்படிச் செய்வார்கள். குடைந்த முதுகைப் பார்த்துப் பிறந்த கதையா, கதையில் உண்மை உண்டா என்பதை உங்களுக்கே விட்டுவிடுகிறேன்.

உறுதியாகச் சொல்லக்கூடியது, 1824ல் அதே ஜான் ஸ்ப்ராட் இந்தச் சிலையை கேப்பல் தெருவில் ஒரு பழைய சாமான் கடையில் பார்த்து விலைக்கு வாங்கினார் என்பது. சிலை முதலில் புனித மரியாள் மடத்தில் இருந்தது என்பார்கள். சிஸ்டர்சியன் துறவிகளின் அந்தப் பெரிய மடம் லிஃபி ஆற்றுக்கு வடகரையில், கேப்பல் தெருவை ஒட்டித்தான் இருந்தது. அதன் கூட்ட மண்டபம் இன்றும் ஒரு சந்தில், தெரு மட்டத்துக்குக் கீழே புதைந்த மாதிரி மிஞ்சியிருக்கிறது. மடத்துச் சிலை மடத்துக்குப் பக்கத்துத் தெருக் கடையில் கிடைத்தது என்பது நம்பும்படி இருக்கிறது. நிரூபணம் அல்ல, ஆனால் நன்றாகப் பொருந்துகிறது.

சிலையின் கிரீடத்தைப் பற்றி வழிகாட்டிகள் சொல்லும் கதையை மட்டும் நான் ஏற்பதில்லை. 1487ல் லாம்பர்ட் சிம்னல் என்ற சிறுவனை இங்கிலாந்தின் அரசன் என்று சொல்லி டப்ளினின் கிறைஸ்ட் சர்ச்சில் முடிசூட்டினார்கள். முடி கைவசம் இல்லாததால் ஒரு மாதா சிலையின் கிரீடத்தைக் கழற்றி அவன் தலையில் வைத்தார்கள். அதுவரை வரலாறு. அந்தக் கிரீடம் இந்தச் சிலையுடையது என்பார்கள். ஆனால் பழைய எழுத்தில் சொல்லப்படுவது டேம் வாசலுக்கு அருகே இருந்த வேறொரு மரியாள் கோயில், ஆற்றுக்குத் தென்கரையில் இருந்தது. இரண்டு மரியாள் கோயில்களைப் பிற்காலத்தார் குழப்பிக்கொண்டார்கள் என்றே எனக்குப் படுகிறது.

இனி வழி. டிரினிட்டி கல்லூரி வாசலிலிருந்து நடந்தால் கால் மணி நேரம். சவுத் கிரேட் ஜார்ஜஸ் தெருவில் தெற்கே நடந்துகொண்டே இருந்தால் அதே தெரு பெயர் மாறி ஆன்ஜியர் தெரு ஆகும். உள்ளூர்க்காரர்கள் வாயில் அது 'ஏஞ்சர்'. கோயிலின் பெயர் வைட்ஃப்ரையர் தெரு என்றாலும் பொது வாசல் இந்தத் தெருவில்தான். முதல் தடவை வந்தபோது நான் இரண்டு முறை அதைக் கடந்து போய்விட்டேன். கோபுரத்தைத் தேடினால் கிடைக்காது. தெருவோடு தெருவாக நிற்கும் மடத்துக் கட்டடத்தின் கதவு வழியாக நுழைந்து, நடைவழியைத் தாண்டித்தான் கோயிலுக்குள் போக வேண்டும். திடீரென்று கூரை உயர்ந்து நீளமான மண்டபம் திறக்கும்.

இப்படி ஒளிந்து நிற்பதற்குக் காரணம் உண்டு. 1690களிலிருந்து கத்தோலிக்கர்களுக்கு எதிராக அடுக்கடுக்காகத் தண்டனைச் சட்டங்கள் வந்தன. சந்துகளிலும் கிடங்குகளிலும் பூசை நடந்த காலம் அது. 18ஆம் நூற்றாண்டில் பிடி மெல்ல மெல்லத் தளர்ந்தது, கத்தோலிக்க விடுதலைச் சட்டம் 1829ல்தான் வந்தது. இந்தக் கோயில் அதற்கு இரண்டு வருடம் முந்தியது. மார்ல்பரோ தெருவிலிருக்கும் புனித மரியாள் பேராலயமும் அப்படித்தான், 1825ல் திறந்தது, பெரிய வீதியை விட்டுவிட்டுப் பின்தெருவில் நிற்கிறது. இதோடு இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். டப்ளினில் கண்ணைப் பறிக்கும் இரண்டு பழைய பேராலயங்களான கிறைஸ்ட் சர்ச்சும் புனித பேட்ரிக்கும் கத்தோலிக்கக் கோயில்கள் அல்ல. சீர்திருத்தக் காலத்திலிருந்து அயர்லாந்து ஆங்கிலிக்கன் திருச்சபையிடம் இருக்கின்றன. அங்கே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். அவையும் பார்க்க வேண்டியவைதான், ஆனால் கத்தோலிக்க நாட்டின் தலைநகரில் பழைய பேராலயம் எதுவும் கத்தோலிக்கர் கையில் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் ஊர் வேறு மாதிரி தெரியும்.

உள்ளே எப்படி இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டு எழுதியிருந்தீர்கள். செருப்பைக் கழற்ற வேண்டாம், வேளாங்கண்ணி பழக்கத்தில் நம்மவர்கள் வாசலில் தயங்கி நிற்பார்கள், இங்கே அந்த வழக்கமே இல்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றினால் போதும். பூசை நடந்துகொண்டிருந்தால் பின் வரிசையில் உட்காருங்கள், சுற்றிப் பார்ப்பதை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மற்றவர்கள் முழந்தாளிடும்போது நீங்கள் உட்கார்ந்திருக்கலாம். நற்கருணை (பூசையில் கொடுக்கும் அப்பம்) வாங்க வரிசையில் போக வேண்டாம், அது கத்தோலிக்கர்களுக்கு மட்டும். இடத்திலேயே இருந்தால் யாரும் ஒரு பார்வைகூடப் பார்க்க மாட்டார்கள். மெழுகுதிரி ஏற்ற யாருக்கும் தடை இல்லை, சில்லறை யூரோ வைத்துக்கொள்ளுங்கள். பூசை நேரம் மாறிக்கொண்டே இருப்பதால் இங்கே எழுதவில்லை, வாசலில் ஒட்டியிருக்கும். 1970களின் தொடக்கத்தில் இந்த நாட்டுக் கத்தோலிக்கர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வாராவாரம் பூசைக்குப் போனார்கள். இன்று அந்தக் கூட்டம் இல்லை. ஆனால் இந்தக் கோயிலில் வேலை நாள் மதியத்திலும் நாலு பேராவது உட்கார்ந்திருப்பார்கள்.

சுற்றிவரும்போது யூதா ததேயு, குழந்தை இயேசு, உத்தரிய மாதா என்று பழகிய முகங்கள் பல பீடங்களில் தெரியும். உத்தரியம், அதாவது பக்தர்கள் கழுத்தில் அணியும் துணி, கார்மேல் சபையின் சொத்து, அதனால் மாதா இங்கே வீட்டுக்காரி. புனித ஆல்பர்ட் கிணறு என்று ஒன்றும் உண்டு. சிசிலியைச் சேர்ந்த இந்தக் கார்மேல் புனிதரின் திருநாளான ஆகஸ்ட் 7 அன்று அவருடைய அருளிக்கத்தைத் தண்ணீரில் தோய்த்து மந்திரிப்பார்கள். நோயாளிகளுக்காக அந்தத் தீர்த்தத்தைக் கொண்டுபோவார்கள். காய்கறிப் பையிலிருந்து காலி சோடா பாட்டிலை எடுத்து நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டதற்கு, முழங்காலுக்கு என்றார். குணமாகிறதா என்றேன். மாத்திரையும் சாப்பிடுகிறேன் என்றார்.

நேரம் மிஞ்சினால் இன்னும் ஒரே ஓர் இடம் சொல்வேன். கிராஃப்டன் தெருவை ஒட்டிய கிளாரண்டன் தெருவில் புனித தெரேசா கோயில். அதுவும் கார்மேல் சபைதான், ஆனால் வேறு கிளை. 'கார்மேல் கோயில் எங்கே' என்று பொதுவாக விசாரித்தால் அங்கே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், ஜாக்கிரதை. பீடத்துக்கு அடியில் ஜான் ஹோகன் 1829ல் செதுக்கிய இறந்த கிறிஸ்துவின் பளிங்குச் சிலை இருக்கிறது. குனிந்து பாருங்கள். கடைத்தெருச் சத்தத்திலிருந்து முப்பது அடி தள்ளி அப்படி ஓர் அமைதி.

தேதி உங்கள் கையில் இருக்கிறது. அமைதி வேண்டுமானால் 14ஆம் தேதியைத் தவிர்த்து, அதற்கு முன்னோ பின்னோ ஒரு வேலை நாள் முற்பகல் போங்கள். பிப்ரவரி நடுவில் மாலை ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும், பகல் வெளிச்சத்தில்தான் அந்த மரச்சிலையின் முகம் தெரியும். கூட்டத்தைப் பார்க்க ஆசை என்றால் 14ஆம் தேதியே சரி. அன்றைக்குப் பெட்டியைப் பக்கப் பீடத்திலிருந்து எடுத்து நடுப் பீடத்தின் முன் வைப்பார்கள், பூசையோடு சேர்த்து மோதிரங்களை மந்திரிப்பார்கள். முக்கியமாகத் திருமணம் ஆகப் போகிறவர்களுக்கு உரிய சடங்கு அது, ஆனால் முப்பது நாற்பது வருடம் ஒன்றாக வாழ்ந்தவர்களும் கை கோத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். சீக்கிரம் போனால்தான் உட்கார இடம் கிடைக்கும். மனைவி தாலியையும் மந்திரிப்பார்களா என்று கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பூசை முடிந்ததும் குருவிடம் போய்க் கேட்கச் சொல்லுங்கள். என் தங்கை கேட்டாள். அவர் அது என்ன என்று விசாரித்து, விவரத்தைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அப்புறம் ஆசீர்வதித்தார்.